உங்கள் நிலம் ஏட்டில் எப்படி இருக்கிறது?

மண் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்பும்போது உழவர் பெயர், கிராமம், புல எண், முன் பயிர், அடுத்து இடவிருக்கும் பயிர் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி இணைக்க வேண்டும் என்பது உழவர் பெருமக்கள் அறிந்ததே. இவற்றுள் பெரும்பாலும் வெற்றிடமாக வந்து சேருவது புல எண். கேட்டால், "கிணற்றங்கரைக் கழனி", "மேட்டுக் கொல்லை" என்று பதில் வரும். உழுகிறவருக்கு அந்த அடையாளம் போதும். ஆனால் வங்கிக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், நஷ்ட ஈடு கணக்கிடும் அதிகாரிக்கும் அது போதாது. அவர்கள் பார்ப்பது நிலத்தை அன்று. ஏட்டில் உள்ள எண்ணையும் அதற்கு எதிரே உள்ள பெயரையும்தான்.

உரம், விதை, பூச்சி மருந்து பற்றியே எழுதிப் பழகிய எம் போன்றோர் இம்முறை நில ஏடுகளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதி உழவர்களுக்கு இது பயிர்ச் செய்தியைப் போலவே முக்கியமானது. காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

தோல் பகுதியில் நடந்தது

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் கிணறுகளையும் கழனிகளையும் பாழ்படுத்தியதை இங்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் கெடாமல் இருக்கத் தடவப்படும் சாதாரண உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் நீரோடு கலந்து மண்ணில் இறங்கின. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகி விட்டது என்ற மதிப்பீடு எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பு. மாசு செய்தவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

தீர்ப்பை அடுத்துச் சூழல் இழப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 2001 மார்ச் மாதத்தில் அது 547 தோல் தொழிற்சாலைகள் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என அறிவித்தது. அது 1998 முடிய உள்ள காலத்திற்கான கணக்கு. பிறகு 2009-இல் மற்றொரு அறிவிப்பு வந்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இவ்விரு அறிவிப்புகளின்படி இதுவரை பெறாதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் மாநில அரசு பணத்தை வழங்கிவிட்டு, பின்னர் அதை மாசு செய்தோரிடமிருந்து வசூலித்துக் கொள்ள வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது.

2001-க்கும் 2025-க்கும் இடையே 24 ஆண்டுகள். இக்காலத்தில் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டாவில் பெயருள்ள தந்தை இறந்திருப்பார். மக்கள் வாய்ப்பேச்சாக வரப்பு வைத்துப் பிரித்துக் கொண்டிருப்பர். ஒருவர் தம் பங்கை வீட்டுமனைக்கு விற்றிருப்பார். மற்றொருவர் காலணித் தொழிற்சாலை வேலைக்குப் போய், நிலம் சீமைக் கருவேலங் காடாகக் கிடக்கும். ஏட்டில் மட்டும் தந்தையின் பெயர் அப்படியே இருக்கும். பணம் வரும் நாளில் "நீங்கள் யார்?" என்ற கேள்விக்கு அந்த மக்கள் விடை சொல்லியாக வேண்டும். நிலம் கெட்டதற்கு அவர்கள் பொறுப்பல்லர். ஆயினும் ஏடு கெட்டுக் கிடந்தால் அலைச்சல் அவர்களுடையதுதான்.

ஏடுகள் ஒரே இடத்திற்கு வந்த வரலாறு

முன்பு கிராமக் கணக்குகள் கர்ணத்தின் பொறுப்பில் இருந்தன. பல ஊர்களில் கர்ணம் வீட்டுப் பெட்டியே கிராமத்தின் ஆவணக் காப்பகம். 1980 நவம்பரில் பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில், அதாவது 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை, நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. பெரியவர்கள் இதை "யு.டி.ஆர்." என்றே சொல்வர். ஊர் ஊராகச் சென்று, அனுபவத்தில் இருப்பவர் யார் என விசாரித்து, ஏக்கர் கணக்கை எக்டருக்கு மாற்றி, புதிய பட்டா எண்கள் தரப்பட்டன. 1983-இல் பட்டா பாஸ் புத்தகச் சட்டமும் இயற்றப்பட்டது.

இன்று நாம் கணினியில் காணும் விவரங்களுக்கு வேர் அந்த யு.டி.ஆர். ஏடுகளே. அவற்றைப் பார்த்துத்தான் கணினியில் ஏற்றினார்கள். "தமிழ் நிலம்" என்ற பெயரில் எல்லா வட்டங்களின் சிட்டா, அ-பதிவேடு ஆகியவை ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டு, எங்கிருந்தும் இணையத்தில் பார்க்கும் வசதி வந்தது. புலப்படங்களும் கணினி வடிவத்திற்கு மாற்றப்பட்டன. 2018-இல் பதிவுத் துறையின் பணிகளும் முழுமையாக இணையவழிக்கு வந்தபின், சார்பதிவாளர் அலுவலகமும் வட்டாட்சியர் அலுவலகமும் ஒன்றன் ஏட்டை மற்றொன்று பார்க்க முடிகிறது.

அண்டை மாநிலமான கர்நாடகம் 2001-இல் "பூமி" என்ற திட்டத்தின் மூலம் சுமார் இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அதன்பின் கையால் எழுதிய நகல் செல்லாது என்றே அறிவித்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து எல்லை தாண்டி உறவு முறை வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருப்பர்.

ஒரே தொகுப்பாக்கியதில் நன்மை பெரிது. நகலுக்காக நாள் கணக்கில் நடக்க வேண்டாம். ஒரே நிலத்திற்கு இரண்டு விதமாக நகல் கொடுப்பது கடினம். அதே சமயம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பழைய காலத்தில் ஒரு கணக்கில் தவறு இருந்தால் மற்றொரு கணக்கு அதைக் காட்டிக் கொடுக்கும். இப்போது ஒரு முறை தவறாக ஏறிய பெயர், பட்டாவிலும், அடங்கலிலும், வங்கியின் திரையிலும், உதவித் தொகைப் பட்டியலிலும் அதே தவறோடு தோன்றும். தவறு பரவும் வேகம் கூடிவிட்டது. திருத்தும் வேகம் அந்த அளவிற்குக் கூடவில்லை என்பதே எம் கருத்து.

எந்த ஏட்டில் எதைப் பார்ப்பது?

சிட்டா என்பது பட்டா எண்ணை வைத்து எழுதப்படுவது. ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் என்னென்ன நிலம் உண்டு என்பதைச் சொல்லும். அ-பதிவேடு புல எண்ணை வைத்து எழுதப்படுவது; ஒரு நிலம் யாருடையது, நன்செயா புன்செயா, புறம்போக்கா, தீர்வை எவ்வளவு என்பதைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காதவர்களே அதிகம். சிட்டாவில் உங்கள் பெயர் இருந்து, அ-பதிவேட்டில் அதே உட்பிரிவுக்கு வேறு பட்டா எண் இருந்தால், அதை உடனே கவனிக்க வேண்டும்.

இணையத்தில் பார்ப்போர் முதலில் தடுமாறும் இடம் மாவட்டம். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வட்டங்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாஜா வட்டங்கள் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு ஆகியவை வேலூரிலும் உள்ளன. உங்கள் பாட்டனாரின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். அதனால் பத்திரம் செல்லாமல் போகாது. தேடும்போது மட்டும் இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது பரப்பு. பட்டாவில் எக்டர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். ஒரு எக்டர் 100 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0-48.50 என்று இருந்தால் 48.5 ஏர், 2.47-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 120 சென்ட், அதாவது 1 ஏக்கர் 20 சென்ட். உங்கள் பத்திரத்திலும் 1 ஏக்கர் 20 சென்ட் இருந்தால் சரி. 1 ஏக்கர் 40 சென்ட் இருந்தால் 20 சென்ட் எங்கே போயிற்று என்று புலப்படத்தைக் கொண்டு பார்க்க வேண்டும். பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம். பாதைக்கோ கால்வாய்க்கோ எடுக்கப்பட்டிருக்கலாம். ஒன்றிரண்டு சென்ட் வேறுபாட்டிற்கு வழக்குப் பேச வேண்டாம். பழைய அளவு சங்கிலியும் லிங்க்குமாக எடுக்கப்பட்டது. மாற்றும்போது சிறு வேறுபாடு வருவது இயல்பு.

மூன்றாவது பெயர். இப்பகுதியில் இது தனிப் பிரச்சினை. தமிழ், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இவை. ஒரே மனிதர் பட்டாவில் அப்துல் ரகுமான், பத்திரத்தில் அப்துர் ரஹ்மான், ஆதாரில் அப்துல் ரஹ்மான். முனுசாமி நாயுடு ஓரிடத்தில் முனிசாமி. ஊரில் யாரும் குழம்பமாட்டார்கள். கணினிக்கு இவர்கள் மூவர் அல்லது இருவர். தந்தை பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்துப் போகாவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். ஓர் உட்பிரிவு முழுவதையும் பட்டாதாரரே விற்கும்போது, பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே வாங்குபவர் பெயருக்கு மாறும் முறை இப்போது உள்ளது. விற்பவரின் பெயர் பட்டாப் பெயரோடு ஒத்திருந்தால்தான் அது நடக்கும்.

பட்டா இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. பட்டா வருவாய்த் துறையின் ஏடு; யார் அனுபவத்தில் இருந்து தீர்வை செலுத்த வேண்டியவர் என்பதற்குச் சான்று. உரிமை மூலம் என்பது கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில் முதலிய ஆவணங்களில் உள்ளது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858 முதல், அரசு ஏட்டில் பதிவான பெயருக்கே உரிமை என அரசே உறுதி கூறும் முறை நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் அவ்வாறு இல்லை. ஆகவே பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். 1975-லிருந்து உள்ள வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து பெற வேண்டும்.

கூட்டுப் பட்டா

தோல் பகுதியில் மட்டுமல்ல, தமிழகம் முழுவதும் பெருந்தொல்லை இதுதான். அண்ணன் தம்பிகள் நால்வர் பெயரும் ஒரே பட்டாவில், ஒரே உட்பிரிவில் இருக்கும். யாருடைய துண்டு எது என்பது ஏட்டில் இராது. கடனோ, மின் இணைப்போ, சொட்டுநீர் மானியமோ கேட்டால் மற்ற மூவரின் சம்மதம் கேட்பார்கள். ஒருவர் பெங்களூரில் இருப்பார், ஒருவரோடு பேச்சு வார்த்தை இராது.

பாகப்பிரிவினையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவு செய்யக் கோரி மனுக் கொடுத்தால், நில அளவர் வந்து அளந்து, 142/3 என்பதை 142/3அ, 142/3ஆ என்று பிரித்துப் புலப்படத்திலும் வரைந்து தனிப்பட்டா தருவார். மனுவை இ-சேவை மையத்திலோ இணையத்திலோ கொடுக்கலாம். அளக்க வரும் நாளில் நாற்புற எல்லைக்காரரும் உடனிருப்பது நல்லது. பிறகு வரும் சண்டைகளில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

தந்தை இறந்தபின் வாரிசு முறையில் பட்டா மாற்றும்போது பெண் மக்களின் பெயரை விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தமிழகத்தில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்களின்படி இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. முஸ்லிம் குடும்பங்களிலும் அவர்களது சட்டப்படி மகளுக்குப் பங்கு உண்டு. அக்காள் தங்கையர் விட்டுக் கொடுப்பதாயின் அதை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து கொள்ளுங்கள். வாரிசுச் சான்றில் அவர்கள் பெயரை மறைத்துப் பெற்ற பட்டா, பின்னாளில் ஒரு மனுவில் விழுந்துவிடும்.

அடங்கலும் தரிசும்

வேளாண்மைத் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்பது இதுவே. ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பது இதில் எழுதப்படும். பசலி என்பது ஜூலை முதல் ஜூன் வரை. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1435 என்றால் 2025 ஜூலையில் தொடங்கியது.

பட்டாவில் ஆண்டுதோறும் மாற்றம் இராது. அடங்கலோ ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுவது. ஆகவே நில வாழ்வின் உண்மையான நாட்குறிப்பு இதுதான். கிணற்று நீர் உப்பாகி, நெல்லைக் கைவிட்டு, பிறகு உப்பைத் தாங்கும் தென்னைக்கு மாறி, கடைசியில் ஒன்றுமே வைக்காமல் விட்ட கழனியின் வரலாறு, வரிசையாக அடங்கல் நகல் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் அதில் "தரிசு" என்று மட்டுமே இருக்கும். ஏன் தரிசாயிற்று என்பது இராது. சோம்பலால் விட்ட நிலமும் கழிவுநீரால் செத்த நிலமும் ஏட்டில் ஒன்றே. ஆண்டுகள் பல கடந்தபின் வெறும் தரிசுப் பதிவைக் கொண்டு இழப்பை மெய்ப்பிப்பது கடினம்.

2024-ஆம் ஆண்டு இறுதியில் கைப்பேசி மூலம் புலம் புலமாகப் பயிர் பதியும் மின்னணுக் கணக்கெடுப்பு நடந்தபோது வேளாண்மைக் கல்லூரி மாணவர்களும் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். பயிற்சி குறைந்த இளைஞர்கள், பழக்கமில்லாத ஊர். வரப்பில் நின்று இது எந்த உட்பிரிவு எனக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எனவே உங்கள் புலத்திற்கு என்ன பயிர் பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொரு பருவத்திலும் நீங்களே பார்த்துக் கொள்வது அவசியம். நிலக்கடலை விதைத்த கொல்லை தரிசு என்று ஏறியிருந்தால், காப்பீடு கேட்கும்போதுதான் தெரிய வரும். அப்போது செடியைக் காட்ட இயலாது.

தவறு கண்டால்

வெறும் எழுத்துப் பிழையாயினும், விட்டுப்போன பெயராயினும் முதலில் வட்டாட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வட்டாட்சியரின் ஆணை சரியில்லை என்று கருதினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மறு ஆய்வும் உண்டு. உரிமை யாருக்கு என்பதே தகராறாக இருந்தால் உரிமையியல் நீதிமன்றமே வழி. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாளை வீணாக்க வேண்டாம்.

மனுவில் நீண்ட கதை வேண்டியதில்லை. கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு, இப்போது ஏட்டில் உள்ளது என்ன, எப்படி இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் எது என்பன போதும். யு.டி.ஆருக்கு முந்திய பழைய அ-பதிவேட்டு நகல் கிடைத்தால் அதையும் இணையுங்கள். தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்பதை அது காட்டும். கிராமக் கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கையாகும் ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும். அன்று எல்லாக் கணக்கும் மேசைமேல் இருக்கும். மனுக் கொடுக்க நல்ல சமயம். எங்கு கொடுத்தாலும் மனு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்ப வேண்டாம்.

மண், நீர் ஆய்வு அறிக்கைகள்

கழிவுநீர் பாதிப்புள்ள ஊர்களில் உள்ளவர்கள் ஆண்டுக்கு இரு முறை கிணற்று நீரை ஆய்வு செய்வது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் நீர் மட்டம் இறங்கியிருக்கும்போது ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் மற்றொன்று. மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்கு மேற்பட்டால் உப்பு மிகுந்த நீர், 2.25-க்கு மேற்பட்டால் சாதாரணப் பயிர்களுக்கு ஏற்றதன்று. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டபின், அதே நீரில் இரு முறை கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து அனுப்பவும். மண் மாதிரிக்கு வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

தாளில் புல எண்ணையும் உட்பிரிவையும், கிணறு எந்த உட்பிரிவில் உள்ளது என்பதையும் பட்டாவில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரையும் பட்டாவில் உள்ள எழுத்துகளிலேயே எழுதுங்கள். வரும் அறிக்கையை அந்தப் பசலியின் அடங்கல் நகலோடு சேர்த்துத் தைத்து, பத்திரம் வைத்துள்ள பெட்டியிலேயே வைக்கவும். அடங்கலில் தரிசு என்றுள்ள அதே ஆண்டில் அதே உட்பிரிவின் கிணற்று நீர் 5 டெசிசைமன் இருந்தது என்று ஓர் ஆய்வு நிலையத்தின் அறிக்கையும் இருந்தால், கணக்கிட வரும் அதிகாரிக்கு அந்தத் தரிசின் காரணத்தை அது எடுத்துச் சொல்லும்.